புகைப்படத்தில் உள்ளவாறே

சாவடித்துறையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் துபாஷி வீடு, பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு, பக்கிரிக் கொத்தனார் மாடி ஜன்னலின் கடைசிப் பலகையைப் பொருத்திவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்த அதே நொடியில், தன் நிறங்களையெல்லாம் உதறிவிட்டுப் பழைய போட்டோவைப் போலச் சாம்பலாகிப்போனது. ஓடும் தூணும் கதவும் மட்டுமில்லை, கிணற்றடிச் செம்பருத்தியும், கொடியில் காய்ந்த துண்டும், பக்கிரி கட்டியிருந்த பச்சைக் கட்டம் போட்ட லுங்கியும், அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறும்கூட, கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றுகொண்டன. பக்கிரி தன் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பித்தமாக இருக்கும் என்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய் வெற்றிலையைத் துப்பினார். அது நல்ல சிவப்பாக விழுந்தது. கண் பழுதில்லை என்று தெரிந்ததும் உள்ளே வந்து மிச்ச வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் பிலோமினா வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"தங்கச்சி, இந்தக் கேட்டுக்கு உள்ள கலர் நிக்க மாட்டேங்குது. வெளிய போனா வந்துடுது. சுண்ணாம்புல ஒண்ணும் கோளாறு இல்ல, அத நான் பாத்துட்டேன்."

பிலோமினா கேட்டுக்குள் ஒரு காலை வைத்தாள். அவள் கட்டியிருந்த ராமர் பச்சைச் சேலையின் நிறம் முந்தானை வரைக்கும் வடிந்து போனது. காலை வெளியே எடுத்தாள். பச்சை திரும்பி வந்தது. இப்படி நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, "வீடு விதிப்படி நடக்குதுண்ணே" என்றாள், பெருமூச்சோடு.

அவள் சொன்னது சரிதான். அந்த வீட்டைப் போல விதிக்குக் கட்டுப்பட்ட வீடு அந்தக் கடற்கரையிலேயே கிடையாது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் ஊர் நெசவாளிகளுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லிப் பிழைத்த ஒரு துபாஷி கட்டிய வீடு அது. கடைசியாக அதில் இருந்தவர் பிலோமினாவின் ஞானத்தாய் எலிசபெத்தம்மாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன்குழம்பு கொண்டுவந்து கொடுக்கும் ஒரே ஜீவன் என்று சொல்லி, வீட்டைப் பிலோமினா பேருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அப்போது மாடியில் அரசமரம் முளைத்திருந்தது, கூடத்தில் வௌவால் குடியிருந்தது, வாசலில் நகராட்சி ஒட்டிய தாள் இருந்தது: இடிந்து விழும் நிலை, இடிக்கப்படும். இடிக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். மரபுக் கட்டடக் குழுவின் பட்டியலில் வீட்டின் பெயர் இருந்தது. பட்டியலில் இருந்தால் இடிக்க முடியாது. ஆனால் இஷ்டத்துக்குக் கட்டவும் முடியாது. ஐப்பசி முதல் தேதிக்குள் பழையபடி ஆக்கிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அன்றைக்கே நகராட்சி இடிக்கும் இயந்திரத்தோடு வந்து நிற்கும்.

பிலோமினாவுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணமில்லை. முப்பது வருஷமாகக் கடைத்தெருவில் ஒரு மேட்சிங் சென்டரில், பிறத்தியார் கல்லாவுக்குப் பக்கத்தில், நின்றபடியே ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பவள். சேலையின் ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பாள், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி நானூறு சுருளில் சரியான சுருளை உருவுவாள். கத்தரிப்பூவுக்கும் நாவல்பழத்துக்கும், கிளிப்பச்சைக்கும் இளநீர்ப் பச்சைக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது என்று அவளைக் கேட்டுத்தான் அந்த ஊர் தெரிந்துகொண்டது. வீட்டை மீட்டுக் கீழே சொந்தமாக ஒரு கடை, மேலே தான் படுக்க ஒரு அறை. அவள் வாழ்க்கையில் ஆசை என்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான், அதற்காக எந்த விதிக்கும் குனிய அவள் தயாராக இருந்தாள்.

குனிந்தாள். சிமெண்ட் கூடாது என்றார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுச் சுண்ணாம்பு அரைத்தார்கள். இரும்புக் கம்பி கூடாது என்றார்கள், தேக்கு தேடி அலைந்தார்கள். எல்லாவற்றுக்கும் அளவு ஒரு போட்டோ. நூறு வருஷத்துக்கு முன் எவனோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், குழுவின் ஆய்வாளர் திருவேங்கடத்தின் கோப்பில் முதல் தாளாக இருந்தது. "புகைப்படத்தில் உள்ளவாறே" என்பது அவருக்கு மந்திரம். படத்தில் மாடி ஜன்னலின் மூன்றாவது பலகை உடைந்திருந்தது. பக்கிரி நல்ல பலகையாகப் போட்டதற்கு, கழற்றி, உடைத்து, மறுபடி மாட்டச் சொன்னார். அந்த உடைந்த பலகையைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கிரி பொருத்தினார். அத்தோடு வீட்டுக்கும் படத்துக்கும் இருந்த கடைசி வித்தியாசமும் தீர்ந்தது. வீடு படமாகிவிட்டது.

சித்திரையில் திருவேங்கடம் பார்வையிட வந்தார். கேட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய ஆரஞ்சுச் சட்டை சாம்பலானதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனவர் பதினாலாவது விதியில் பேனாவை நிறுத்தினார்.

"வெளிச்சுவருக்கு ஆதி நிறம் அடிக்கணும்மா. என்ன நிறம்னு நீங்கதான் ஆதாரத்தோட நிரூபிக்கணும்."

"போட்டோவுல இருக்கறபடியே இருக்கே சார்."

"சாம்பல் அனுமதிக்கப்பட்ட நிறம் இல்ல. அந்தக் காலத்துல இந்த வீடு ஏதோ ஒரு கலர்ல இருந்திருக்கும்ல?"

"கறுப்பு வெள்ளைப் படத்துல அது எப்படி சார் தெரியும்?"

"அது படத்தோட பிரச்சனை" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஏறும்போது சட்டை மறுபடியும் ஆரஞ்சானது.

ஊர் இதையெல்லாம் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது. முதலில் மூளை வேலை செய்தது கல்யாணத் தரகர் ஜம்புலிங்கத்துக்கு. பெண் கறுப்பு என்ற ஒரே காரணத்தால் இருபத்தெட்டு, முப்பது என்று வயது ஏறிக்கொண்டிருந்த பெண்களின் ஜாதகங்கள் அவர் பையில் ஒரு கட்டு இருந்தது. பெண் பார்க்கும் வைபவத்தை துபாஷி வீட்டுக் கூடத்தில் வைத்தால் என்ன என்று பிலோமினாவிடம் வந்து நின்றார். அவள் சரி என்றாள். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சொஜ்ஜியோடு உட்கார்ந்து பெண்ணைப் பார்த்தார்கள், பார்த்தார்கள், எவ்வளவு உற்றுப் பார்த்தும் சிவப்பா மாநிறமா கறுப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பெண்ணோடு பேசினார்கள். என்ன படித்தாய், எதற்குச் சிரிப்பாய், கோபம் வந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் அந்த ஊரில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே தட்டு மாற்றினார்கள். தட்டு மாற்றியபின் கேட்டுக்கு வெளியே வந்து நிறத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று ஜம்புலிங்கம் ஒரு சட்டம் போட்டார், ஊரே அதைக் காவல் காத்தது. ஐந்து மாதத்தில் இருபத்து மூன்று நிச்சயதார்த்தம்.

பிறகு கட்சிக்காரர்கள் வந்தார்கள். கொடிகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் இடத்தில் குடிநீர்ப் பிரச்சனையைப் பேசினால் கைகலப்பு வராது என்று யாரோ சொல்ல, மூன்று கட்சிகள் கூடத்தில் கூடின. ஒரு வட்டச் செயலாளர் இடம் மாறி உட்கார்ந்து எதிர்க்கட்சிக்கு இரண்டு மணி நேரம் கைதட்டிவிட்டு, வெளியே வந்து தோளில் கிடந்த துண்டின் கரையைப் பார்த்தபிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார். தெருவுக்குக் குழாய் மட்டும் வந்து சேர்ந்தது. மத்தியான நேரத்தில் புருஷனை இழந்த பெண்கள் தனித்தனியாக வந்தார்கள். பெட்டியடியில் பத்து வருஷமாகக் கிடந்த கலர்ச் சேலையைப் பையில் கொண்டுவந்து, உள்ளே மாற்றிக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மீன்காரிகள் மட்டும் அந்த வீட்டை ஒதுக்கினார்கள். செவுளின் சிவப்பு தெரியாத இடத்தில் எவன் மீன் வாங்குவான்.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, வீட்டுக்காரிக்குத் தவிர. கடை விட்டு வந்து கேட்டைத் தாண்டியதும் பிலோமினாவுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். நூல்கண்டுப் பெட்டியைத் திறந்தால் ஒரே சாம்பல். முப்பது வருஷம் சேர்த்த கண் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது என்று பக்கிரியிடம் சொல்லி ஒரு நாள் அழுதாள். ஆவணி பிறந்தது. துபாஷியின் சொந்தக்காரர்களைத் தேடிக் கடிதம் போட்டாள், பழைய பத்திரங்களைப் புரட்டினாள், பங்குத்தந்தையிடம் போய்க் கோவில் ஏடுகளைப் பார்த்தாள். யாரும் எங்கும் நிறத்தை எழுதிவைத்திருக்கவில்லை. பக்கிரி சுவரைச் சுரண்டிக் கீழ்ப்பூச்சுகளைத் தோண்டி எடுத்தார். வீட்டின் துணுக்கு வீட்டின் குணத்தோடுதான் இருந்தது, தெருவில் வைத்துப் பார்த்தாலும் சாம்பல். ஐப்பசிக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது நகராட்சி ஆள் ஒருவர் வந்து, இயந்திரம் திரும்ப எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெருவை அளந்துகொண்டு போனார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள், முன்சுவருக்குப் பக்கத்தில் பையைத் தவறவிட்டாள். துண்டுகள் காற்றில் பறந்தன. பொறுக்கியபோது ஒன்று குறைந்தது. தேடினாள், குனிந்து தேடினாள், கடைசியில் கையால் சுவரைத் தடவியபோது விரலில் துணி தட்டுப்பட்டது. மூக்குக்கு முன்னாலேயே, சுவரின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக மறைந்து போயிருந்தது. மற்ற துண்டுகளை வைத்துப் பார்த்தாள். ஒன்று சுவரைவிட வெளுப்பு, ஒன்று ஒரு நூல் கறுப்பு, எல்லாம் தெரிந்தன. இது மட்டும் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். கையில் இருந்தது மாந்துளிர் நிறம்.

இந்தச் சுவருக்கு மேட்சிங் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. இதைத்தானே முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து நானூறு சுருளிலும் ஒவ்வொரு துண்டு வாங்கிவந்து சுவரில் வைத்துப் பார்த்தாள். போதவில்லை. விஷயம் பரவியதும் ஊர் தன் பீரோக்களைத் திறந்தது. கூறைப்புடவை, பள்ளிக்கூடச் சீருடை, மாதா கொடி, காவி வேட்டி, மூன்று கட்சிகளின் கரைத்துண்டு, தர்காவுக்குப் போடும் போர்வை, கிழிந்த குடை, எல்லாம் வரிசையில் நின்று சுவருக்கு முன்னால் வந்தன. பிலோமினா ஒவ்வொன்றையும் வாங்கிச் சுவரில் வைப்பாள், தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள், "ஒரு படி தூக்கல்" என்பாள், "சோகை" என்பாள், அடுத்தது. மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாச் சாம்பலும் ஒரே சாம்பலாக இருந்தன, அவளுக்கு மட்டும் அதில் நூறு படி தெரிந்தது. கண் வெளியே நின்றுவிடவில்லை, உள்ளே வந்து புதுப் பாடம் படித்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. முப்பத்தெட்டு நாள். சுவரில் மறைந்து போனவை மொத்தம் ஏழு.

ஏழு துண்டையும் எடுத்துக்கொண்டு திருவேங்கடத்தைப் பார்க்கப் போனாள். அவர் மேஜைமேல் பரப்பிப் பார்த்தார்: மாந்துளிர், இளம் மயில்கழுத்து, மங்கிய காவி, கொத்தமல்லிப் பச்சை, புறாக்கழுத்து, மரமஞ்சள், வெங்காயத்தோல்.

"ஏழு கலர்ல ஒரு வீடு இருந்திருக்காதும்மா. ஒண்ணுதான் சரி. மத்த ஆறும் விதிமீறல்."

"எது சரின்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?"

"தப்பான கலர் அடிச்சா பேரை எடுத்துடுவோம். அப்படித் தெரிஞ்சுக்கலாம்" என்றார் அவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்.

அன்றைக்கு வீட்டு வாசலில் ஜம்புலிங்கம் காத்திருந்தார்.

"அக்கா, நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க. வீட்ட இப்படியே விட்டுட சொல்லி எல்லாருமா மனு போடுவோம். கலர் வந்துட்டா எம் பையில இருக்கற பொண்ணுங்கள எங்க உக்கார வெப்பேன்?"

பதில் சொன்னது முத்தழகி. அந்தக் கூடத்தில் முதலில் நிச்சயமான பெண் அவள், கூறைப்புடவையைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தாள்.

"எங்க மாமியா கேட்ட தாண்டின ஒடனே என்னய பாத்துட்டு ஒரு வாரம் மொகங்குடுத்துப் பேசல. அப்பறம் பேசுனாங்க. இப்ப நான் இல்லாம சாப்புட மாட்டாங்க. அந்த ஒரு வாரத்த எல்லாரும் தாண்டித்தான் ஆவணும் மாமா. வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

பக்கிரி சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எதப் போடறது தங்கச்சி?" என்றார்.

பிலோமினா ஏழு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். இருபத்திரண்டு வயதில் அவளை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த நாளுக்கென்று அவள் ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்தது ஒரு வெங்காயத்தோல் நிறச் சேலை. கறுப்பு உடம்புக்கு அது எடுக்காது என்று சித்தி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மஞ்சளைக் கட்டிவிட்டாள். மஞ்சளும் எடுக்கவில்லை; வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் கடையில் எத்தனையோ கறுத்த பெண்கள் அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். அவளும் ஒன்றும் சொன்னதில்லை, வேறு சுருளைத்தான் எடுத்துப் போட்டாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கட்டியவன் தனக்கு எது பிடித்ததோ அதை அடித்தான், அவனிடம் எந்தக் குழு ஆதாரம் கேட்டது.

"வெங்காயத்தோல் போடுங்கண்ணே" என்றாள்.

"அதான் சரியா?"

"அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

பக்கிரி கேட்டுக்கு வெளியே, நிறம் தெரியும் இடத்தில், தெருவிலேயே தொட்டியை வைத்துச் சுண்ணாம்பில் செங்காவியைக் கலந்தார், எப்போதும்போல் ஒரு சிட்டிகை துணிக்குப் போடும் நீலமும் சேர்த்தார், பிலோமினா துணியை நனைத்து வெயிலில் காயவைத்துப் பார்த்து, இன்னும் ஒரு பிடி, இன்னும் அரைப்பிடி என்று சொல்லிச் சொல்லி நிறத்தைக் கொண்டுவந்தாள். வாளி கேட்டைத் தாண்டியதும் சாம்பலானது. சுவரில் அடித்தால் அடித்த இடமும் அடிக்காத இடமும் ஒன்றுபோல இருந்தன, ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் எதுவரை வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்கள். மூன்று பூச்சு. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஊரில் பாதிப் பேர் சுண்ணாம்படிக்கும் மட்டையோடு வந்து நின்றார்கள், ஜம்புலிங்கம் உள்பட. புரட்டாசி முடிந்த அன்று வேலை முடிந்தது. வீடு பங்குனியில் இருந்த அதே சாம்பலில், ஒரு மாற்றமும் இல்லாமல் நின்றது.

ஐப்பசி முதல் தேதி காலை, கடலில் மேகம் கட்டியிருந்தது. தெருமுனையில் நகராட்சி இயந்திரம் தயாராக நின்றது, அதன் ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஊர் நிரம்பியிருந்தது, அத்தனை பேரும் சாம்பல். திருவேங்கடம் ஜீப்பிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"கலர் அடிக்கலியாம்மா?"

"அடிச்சிருக்கேன் சார்" என்றாள் பிலோமினா.

"எனக்குத் தெரியலியே. சரி, விதிப்படி படத்தோட ஒத்துப் பாத்துடறேன். ஒத்துப் போகலேன்னா நான் பொறுப்பில்ல." அவர் கோப்பின் நாடாவை அவிழ்த்து முதல் தாளைத் திருப்பினார்.

திருப்பியவர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். படத்தை வெளிச்சத்தில் சாய்த்தார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார், பின்புறம் குழுவின் பழைய முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பக்கத்தில் நின்ற பக்கிரி எட்டிப் பார்த்தார். அந்தப் படத்தில், நூறு வருஷத்துக்கு முந்தின அந்த வெயிலில், துபாஷி வீடு வெங்காயத்தோல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

அவர் தலையை நிமிர்த்தியபோது வீடும் அப்படித்தான் நின்றது. படத்தில் உள்ளவாறே நடந்து பழகிய வீடு, படம் மாறினால் மாறாமல் என்ன செய்யும். முன்சுவர் முழுக்க, தூணிலிருந்து மாடி வளைவு வரைக்கும், உரித்த சின்ன வெங்காயத்தின் மேல்தோல் வெயில் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஓடு சிவந்தது, செம்பருத்தி சிவந்தது, கட்சித் துண்டுகளின் கரைகள் வந்தன, யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தும் யாரும் நகரவில்லை. கிணற்றடியில் நின்ற பெண்கள் தாங்கள் கட்டியிருந்த பச்சையையும் ஊதாவையும் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து ஊரைப் பார்த்தார்கள், அப்படியே நின்றார்கள். பிலோமினா அந்தச் சுவருக்கு முன்னால், தன் கறுப்பு நிறத்தோடு, கண்ணில் தண்ணீரோடு நின்றாள். அந்த நிறம் அவளுக்கு எடுத்தது. அதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"இது கறுப்பு வெள்ளைப் படம்தானேம்மா?" என்றார் திருவேங்கடம், மெதுவாக.

"உங்க கோப்புல இருந்து நீங்கதான சார் எடுத்தீங்க."

அவர் படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு நூல் வித்தியாசமில்லை. கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்து, பதினாலாவது விதிக்கு நேராக டிக் அடித்தார். சான்றிதழ்த் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இயந்திரத்தின் ஓட்டுநரைப் பார்த்துப் போகச்சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு, ஆதி நிறம் என்று அச்சடித்திருந்த இடத்தில் இளஞ்சிவப்பு என்று எழுதினார்.

பிலோமினா அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"இளஞ்சிவப்பு இல்ல சார். அது வேற. வெங்காயத்தோல்னு எழுதுங்க."

"அப்படி ஒரு நிறம் எங்க பட்டியல்லயே இல்லம்மா."

"சேத்துக்குங்க" என்றாள் பிலோமினா.

திருவேங்கடம் முற்றத்தில் நின்ற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எழுதியதை ஒரே கோடாக அடித்தார், பேனாவை உதறினார், அவள் சொன்னபடியே எழுதினார்.